ஏர் எடுக்கும் எஞ்சின்: புதிதாக வள்ளம் இறக்கும் பிள்ளைகளுக்கு

குளச்சலில் காலையில் வள்ளங்கள் கரையேறியதும் என் பட்டறைக்கு வருகிற இளவட்டங்களில் பாதிப் பேர் கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். "ஆசானே, எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குது. கார்புரேட்டர்ல அடைப்பு. கழுவித் தாங்க." எஞ்சின் எங்கே என்றால் வள்ளத்தில் இருக்கிறது என்பார்கள். எஞ்சினின் சத்தத்தைக் கேட்காமல், டேங்கைப் பார்க்காமல், வெறும் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது?

நம் கரையில் ஓடுவதில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள். இவற்றுக்கு வரும் மிஸ்ஸிங்கில் பெரும்பங்கு ஒரே காரணத்தால் வருகிறது: போக வேண்டிய அளவு எண்ணெய் போகவில்லை, அதன் இடத்தில் காற்று போகிறது. இதைத்தான் ஏர் எடுக்கிறது என்கிறோம். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த எஞ்சின்களோடு இருந்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் படி.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் காதைக் கொடு. எண்ணெய் பத்தாத எஞ்சினுக்கு என்று ஒரு சத்தம் உண்டு. கார்புரேட்டர் வாய் வழியாகத் தும்மும். வேகத்தை ஒரே இடத்தில் வைத்தாலும் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருப்பினால் திணறும், மெதுவாகத் திருப்பினால் ஏறிவிடும். நிற்பதற்குச் சற்று முன்னால் வேகம் கூடும். பிளக்கோ காயிலோ கெட்டிருந்தால் சத்தம் வேறு மாதிரி: யாரோ ஸ்விட்சைப் போட்டு அணைப்பது போல வெட்டி வெட்டி வரும், தும்மல் இருக்காது. எண்ணெய் அதிகமாகப் போனால் புகை தள்ளும், எஞ்சின் கனத்து இழுக்கும், பிளக் நனைந்திருக்கும். இந்த மூன்று சத்தத்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் பாதி மெக்கானிக்.

2. ஏர் எடுப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு பயந்து சொல்கிறேன் என்று கேள். காரில் எஞ்சின் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. நம் எஞ்சினில் ஆயில் எண்ணெயோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்று கலந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. அந்த 20 மில்லிதான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. எண்ணெய் குறைந்தால் ஆயிலும் கூடவே குறைகிறது. அதோடு, உள்ளே ஆவியாகும் எண்ணெய்தான் சூட்டையும் ஓரளவு தணிக்கிறது, அதுவும் போய்விடும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். உள்ளே எரியும் தீயின் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். நடுவில் நிற்கிற பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்று இப்போது புரியும்.

எனக்கு இருபத்தைந்து வயதில் நடந்தது இது. மாமா மகனும் நானும் வலை இழுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எஞ்சின் இரண்டு முறை தும்மியது. நான் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருப்பினேன். தும்மல் நின்றுபோய் அருமையாக ஓடியது. அவ்வளவு இனிமையாக அந்த எஞ்சின் அதற்கு முன் ஓடியதே இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து ஒரு கிறீச் சத்தத்தோடு நின்றது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. துடுப்பு போட்டுக் கரை சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஐஸ் இல்லாமல் கிடந்த மீனை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. மறுநாள் பிரித்துப் பார்த்தால், புகை வெளியேறும் பக்கத்தில் பிஸ்டன் நெடுக நகத்தால் கீறியது போலக் கோடுகள், ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிப் போயிருந்தது. காரணம் என்ன என்பதை ஆறாவதில் சொல்கிறேன்.

3. ஆகவே கடலில் தும்மல் கேட்டால் ரேஸ் கொடுக்காதே. உடனே பாதிக்குக் கீழே குறை.

4. வேகத்தைக் குறைத்தபின் இரண்டே சோதனை. இரண்டுக்கும் ஸ்பேனர் வேண்டாம்.

முதலாவது, கூட இருப்பவனை டேங்கில் இருந்து வரும் ஓஸில் இருக்கிற ரப்பர் பல்பை விடாமல் அழுத்தச் சொல். எஞ்சின் தேறி ஓடினால், கார்புரேட்டர் வரைக்கும் எண்ணெய் தானாக வந்து சேரவில்லை என்று அர்த்தம். கோளாறு டேங்க், ஓஸ், ஃபில்டர், பம்ப் இவற்றில் ஒன்றில். பல்பு அழுத்தியும் மாற்றம் இல்லையா? இரண்டாவது சோதனை: சோக்கைப் பாதி இழு. தேறினால், கார்புரேட்டரில் ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ காற்று புகுகிறது. சோக் இழுத்ததும் எஞ்சின் இன்னும் மோசமாகித் திணறினால், எண்ணெய்க் குறை இல்லை. பிளக் பக்கம் போ, பதினொன்றாவதைப் பார்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் மூன்றாவது வசதி ஒன்றும் நமக்கு உண்டு. எண்ணெய் மாற்றும் காக்கைத் திருப்பிப் பெட்ரோலுக்கு மாற்றிப் பார். பெட்ரோலில் ஒழுங்காக ஓடி, மண்ணெண்ணெயில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால், மண்ணெண்ணெய் டேங்குக்கும் காக்குக்கும் நடுவில்தான் கோளாறு. அல்லது எஞ்சின் சூடாகும் முன்னே மாற்றிவிட்டாய். மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போலச் சீக்கிரம் ஆவியாகாது, சூடு ஏறாத எஞ்சினில் அது எரியாமல் நனைக்கும். இரண்டிலும் மிஸ்ஸிங் என்றால் காக்கைத் தாண்டித் தேடு. இந்த ஒரு திருப்பலில் பாதித் தேடல் மிச்சம்.

5. டேங்க் மூடியில் காற்றுத் திருகு ஒன்று இருக்கும். அதைத் திறந்தாயா? ஓடி ஐந்து பத்து நிமிஷத்தில் எஞ்சின் இறங்குகிறது, பல்பு சப்பிப் போய் ஒட்டியிருக்கிறது, மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறது என்றால் வேறு வைத்தியம் தேவையில்லை. உப்பு பிடித்துத் துவாரம் அடைந்திருந்தாலும் இதேதான்.

6. இப்போது ஓஸ். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஓஸில் ஓட்டை இருந்தால் எண்ணெய் ஒழுகும், ஒழுகவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று நினைக்கிறார்கள். டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் உள்ள ஓஸில் எண்ணெயைத் தள்ளுவது எதுவும் இல்லை. பம்ப் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் ஓஸில் ஊசி முனையளவு வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கை வைத்துத் தடவினால் காய்ந்துதான் இருக்கும். பல்பை அழுத்தும்போது மட்டும் அந்த இடம் லேசாகக் கசியும். அதனால் பல்பைக் கல் மாதிரி இறுகும் வரை அழுத்திவிட்டு, ஒவ்வொரு இணைப்பாக விரலை வைத்துப் பார்.

இதைவிட நிச்சயமான வழி ஒன்று உண்டு. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஓஸ் ஒரு முழம் வாங்கிக்கொள். எஞ்சினுக்குப் போகும் இடத்தில் அதைச் சொருகிக் கிளிப் போட்டு ஓட்டிப் பார். முதலில் கொஞ்சம் குமிழ் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. அது நிற்காமல் பாசிமணி கோத்தது போல வந்துகொண்டே இருந்தால் ஏர் எடுக்கிறது. பிறகு அதே துண்டை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்திக்கொண்டு போ. எந்த இடத்துக்குப் பின்னால் வைக்கும்போது குமிழ் இல்லையோ, அந்த இடத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில்தான் திருடன். சோதனை முடிந்ததும் அந்தத் துண்டைக் கழற்றிவிடு. வெயிலுக்கும் எண்ணெய்க்கும் அது நாள்பட நிற்காது.

என் பிஸ்டன் போன கதைக்கு வருகிறேன். எஞ்சினில் ஓஸ் மாட்டும் கனெக்டருக்குள்ளே ஒரு ஓ-ரிங் இருக்கிறது, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மேலே இருந்து பார்த்தால் வட்டமாக, நன்றாகத்தான் தெரிந்தது. ஊக்கால் நெம்பி வெளியே எடுத்து, விரலில் வைத்து வளைத்தேன். ஒரு பக்கம் தட்டையாக அமுங்கி, உள்விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல். வளைத்தபோது வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. ஒரு எஞ்சினைப் பிடிக்க வைத்தது அந்தக் கீறல்.

பல்பைப் பற்றி இரண்டு வார்த்தை. அதில் அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஏற்றும்போது அம்புமுனை மேலே இருக்கும்படி பிடித்து அழுத்து, உள்ளே இருக்கும் வால்வு ஒழுங்காக உட்காரும். எவ்வளவு அழுத்தியும் இறுகாத பல்பு என்றால் ஏர் எடுக்கிறது, அல்லது வால்வு போய்விட்டது, அல்லது மிதவை ஊசி மூடாமல் கார்புரேட்டர் வழிகிறது. ஓஸைக் கம்பியால் முறுக்கிக் கட்டாதே. கம்பி ஓரிடத்தில் அறுக்கும், மற்ற இடத்தில் தளரும். துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப் போடு. பழைய ஓஸில் இன்னொரு மாயம் உண்டு: வெளியே பளபளப்பாக இருக்கும், உள்தோல் உரிந்து, உறிஞ்சும்போது கதவு மாதிரி மூடிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது ஒன்றும் தெரியாது, வேகம் கூட்டினால் இறங்கும். வெயிலில் கிடந்து விறைத்த ஓஸைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஓட்டாதே, மாற்றிவிடு.

7. எண்ணெயையும் பார். டேங்கின் அடியில் இருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் அசைக்காமல் வை. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும், நடுவில் கோடு தெரியும். ஃபில்டர் கிண்ணத்திலும் அப்படித்தான். நம் தொழிலில் கேனும் டேங்கும் உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்திலேயே கிடக்கின்றன. புனலில் மெல்லிய வலை வைத்து ஊற்றும் பழக்கம் இல்லாத வள்ளத்தில் ஜெட் அடைப்பு அடிக்கடி வரும்.

இப்போது பங்கில் ஊற்றுகிற பெட்ரோல் நான் தொழில் கற்ற காலத்துப் பெட்ரோல் இல்லை. அதில் எத்தனால் கலக்கிறார்கள். 20 சதவீதம் கலந்த இ-20 பெட்ரோல் 2023இல் வந்தது, இன்று பெரும்பாலான பங்குகளில் அதுதான். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்காரும், டேங்கின் உறிஞ்சு குழாய் இருப்பதும் அந்த அடியில்தான். பழைய ரப்பர் ஓஸையும் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். இன்னொன்று, சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே ஜெட் வழியாக எத்தனால் பெட்ரோல் போனால் எஞ்சினுக்கு அது கொஞ்சம் குறைவான சாப்பாடு. பழைய எஞ்சின் வைத்திருப்பவன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டிங் பெட்ரோலை மாதக்கணக்கில் கேனில் சேர்த்து வைக்காதே.

8. பம்ப். கிராங்க் அறைக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது உண்டாகும் காற்றின் துடிப்பில், ஒரு மெல்லிய டயாஃப்ரம் துடித்து எண்ணெயை இழுக்கிறது. அந்தத் தோலில் பொத்தல் விழுந்தால் எண்ணெய் அந்த வழியாக நேரே கிராங்க் அறைக்குள் போய்விடும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு பிளக் நனைந்தும் இன்னொன்று வெளுத்தும் இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் இந்தத் தோல்மேல்தான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார். விறைத்துப் போயிருந்தாலும் மாற்று. கிட்டாக விற்கிறார்கள், வால்வும் கேஸ்கெட்டும் சேர்த்து மாற்றிவிடு.

9. இதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். கரையில், மணல் பறக்காத இடத்தில், வெள்ளைத் தட்டு ஒன்றில் வைத்துப் பிரி; வெள்ளையில் சின்னப் பொருள் தொலையாது. ஐடில் திருகைக் கழற்றும் முன் உள்ளே முழுக்கத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் எழுதி வை. முட்டும் இடத்தில் இறுக்காதே, முனை கெட்டுவிடும். ஜெட்டைக் கம்பியால் குத்துகிறவனைக் கண்டால் எனக்குத் தாங்காது. அந்தத் துவாரம் அளந்து போட்டது, அதன் நம்பர் ஜெட்டிலேயே அடித்திருக்கும். கம்பி விட்டால் அளவு மாறும், பிறகு அந்த எஞ்சின் காலம் முழுக்க உன்னைத் தொல்லைப்படுத்தும். கிளீனரில் ஊறவை, காற்றடித்து ஊது, பிடிவாதமான அழுக்குக்கு நைலான் நரம்பு விடு. வெளிச்சத்தில் பிடித்தால் துவாரம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மிதவையின் உயரத்தை எஞ்சினோடு வந்த புத்தகத்தில் பார்த்து வை; தாழ்ந்திருந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் எப்போதும் பத்தாது.

மெதுவாக ஓடும்போது மட்டும் தும்மினால் சின்ன ஜெட், முழு வேகத்தில் மட்டும் இறங்கினால் பெரிய ஜெட் அல்லது பம்ப். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன்னால் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால் மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்காது. நாளைக்கு ஸ்டார்ட் செய்யக் கை வலிக்க இழுக்கிறவன் இன்றைக்கு அதைச் செய்யாதவன்.

10. கார்புரேட்டரும் சுத்தம், சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது என்றால், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட், ரீட் வால்வு, கிராங்க் சீல் இவற்றைப் பார். எஞ்சினை ஐடிலில் விட்டு, கேஸ்கெட் ஓரங்களில் டபிள்யூ.டி. 40 கொஞ்சமாக அடி. சத்தம் மாறினால் அங்கேதான் காற்று போகிறது. இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஓடும் எஞ்சின்மேல் பெட்ரோல் தெளிக்கிறவன் பக்கத்தில் நிற்காதே. கார்புரேட்டர் வாயில் கையை வைத்தால் எண்ணெய் திருப்பித் துப்புகிறதா? ரீட் இதழ் ஒன்று உடைந்திருக்கும், அல்லது தூக்கி நிற்கும். கிராங்க் சீல் வேலை உனக்கு வேண்டாம், தெரிந்தவனிடம் கொடு.

11. பிளக்கைப் படிக்கக் கற்றுக்கொள். நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு, ஐடிலுக்கு விடாமல் அப்படியே நிறுத்திக் கழற்று. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சுகம். கறுத்து நனைந்திருந்தால் எண்ணெய் அதிகம் அல்லது தீப்பொறி இல்லை. பீங்கான் பகுதி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் எண்ணெய் பத்தவில்லை. அந்த வெள்ளையில் கடுகைவிடச் சிறிய வெள்ளிப் பொட்டுகள் மின்னினால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. அது பிஸ்டனில் இருந்து உருகி வந்த அலுமினியம்.

பிளக் மாற்றும்போது நம்பரைப் பார். என்.ஜி.கே. பிளக்கில் நடுவில் உள்ள எண் கூடக் கூட அது குளிர்ந்த பிளக். பி8எச்எஸ், பி7எச்எஸ்-ஐவிடக் குளிர்ந்தது. கடையில் இருந்ததை வாங்கிப் போட்டேன் என்று சொல்லாதே. பொறி பார்க்கும்போது பிளக்கை எஞ்சின் உடம்போடு ஒட்ட வை. அந்தரத்தில் விட்டு இழுத்தால் சி.டி.ஐ. யூனிட் போகும். பக்கத்தில் எண்ணெய் சிந்தியிருந்தால் துடைத்து, காற்றாட விட்டுவிட்டுச் செய். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் மிச்சத் தேடல் எல்லாம் வீண், உள்ளே பிரிக்க வேண்டியதுதான்.

12. பின்னால் பீச்சும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இரு. மெலிந்தால் இம்பெல்லர்.

13. ஆயிலைக் கூட்டி ஊற்றினால் எஞ்சின் தப்பும் என்று நம் கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏர் எடுக்கிற எஞ்சினுக்கு இது கெடுதல். ஜெட் துவாரம் மாறவில்லை. அதன் வழியே போகிற கலவையில் ஆயில் பங்கு கூடினால் எரியும் எண்ணெயின் பங்கு குறையும், கலவையும் தடித்து மெதுவாகப் போகும். பட்டினி கிடக்கிறவனின் தட்டில் இன்னும் ஒரு பிடி சோறு குறைத்தது போலத்தான். பிளக்கிலும் கரி ஏறும், அதனால் இன்னொரு மிஸ்ஸிங் சேரும், எது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். புத்தகத்தில் சொன்ன அளவை அளந்து ஊற்று, டி.சி.-டபிள்யூ 3 என்று போட்ட அவுட்போர்டு ஆயிலை ஊற்று. அதேபோல, ஐடில் திருகைத் திருப்பித் தும்மலை மறைக்காதே. மறைந்த தும்மல் முழு வேகத்தில் பிஸ்டனில் வந்து நிற்கும்.

14. வள்ளத்தில் எப்போதும் இருக்க வேண்டியவை: நம்பர் சரியான இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், பல்போடு சேர்ந்த முழு ஓஸ் ஒன்று, நான்கு ஓ-ரிங், இரண்டு கிளிப், ஸ்டார்ட்டர் கயிறு, துடுப்பு, நங்கூரக் கயிறு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். போனில் 1554 இருக்கட்டும், அது கடலோரக் காவல் படை. 1093 கடலோரப் பாதுகாப்புப் போலீஸ். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கரையில் இருந்து போய் வராதவர்களின் வீடுகள் உனக்கும் தெரியும். கடலில் நிற்கிற எஞ்சினைச் சின்ன விஷயமாக இந்தக் கரையில் யாரும் பேசக்கூடாது.

15. பழுது தீர்ந்துவிட்டது என்று உடனே ஆழத்துக்கு ஓடாதே. கரை கண்ணில் படும் தூரத்தில், வலையும் ஆளும் ஏற்றிய பாரத்தோடு கால் மணி நேரம் ஓட்டு. பல்பைத் தொடாமல், சோக்கைத் தொடாமல், முழு வேகத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓட வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி நிறம் பார்.

நாளைக்கு விடியுமுன் வள்ளத்தைத் தள்ளும்போது ஒரு நிமிஷம் நில், மக்களே. பல்பை இறுகும் வரை அழுத்திவிட்டுக் கையை எடு. வெற்றிலை மெல்லும் நேரம் கழித்து மறுபடி தொட்டுப் பார். இறுக்கம் குறைந்து தொய்ந்திருந்தால், அந்த வள்ளத்தை அன்று கடலில் இறக்காதே. என்னிடம் கொண்டு வா. கார்புரேட்டரை மட்டும் கொண்டு வராதே. டேங்க், ஓஸ், எஞ்சின் எல்லாவற்றையும் கொண்டு வா.